அம்மாவுக்கு ஏற்றிய இரண்டாவது பாட்டில்

தக்கலை
ஆனி 12

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான்கு மாதமாக உனக்குப் பதில் எழுதாதது என் தப்புதான். புளியமரத்தடிக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள், நேரில் தீர்த்துக்கொள்வோம். இன்றைய விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னால் நீ "சரிடே, சரிடே" என்று கேட்டுவிட்டு, உன் அப்பாவுக்கு இந்த மாதக் குளுக்கோஸ் பாட்டிலையும் ஏற்றிவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வைகாசிக் கடைசியில் அம்மாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. வயது 83, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து அரை லிட்டர் உப்புநீர் ஏற்றினார்கள். அது முடியும்போது அம்மா கண்ணைத் திறந்து, கோழிகளை அடைத்தாயிற்றா என்று கேட்டாள். அந்த மகிழ்ச்சியில், இன்னொரு பாட்டிலும் போடுங்கள் என்று வற்புறுத்தியவன் நான்தான். யாரும் மறுக்கவில்லை. சொட்டுகளை எண்ண முடியாத வேகத்தில், நூல் பிடித்தாற்போல் இறங்கி, ஒரு மணி நேரத்திற்குள் பாட்டில் காலியாகிவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு அம்மாவால் படுக்க முடியவில்லை. கட்டில் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் கொறகொறவென்று சத்தம். வேறு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். ஆக்ஸிஜன் வைத்து, சிறுநீர் பிரிவதற்கு ஊசி போட்டு, விடியும்போதுதான் மூச்சு சீரானது. "தண்ணிக்குள்ள முங்கினது மாதிரி இருந்துச்சு மக்களே" என்றாள். உண்மையில் நுரையீரலில் நீர்தான் கோத்திருந்தது.

அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இரத்தத்தில் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் அந்த இரண்டு பாட்டில்களில் அம்மாவுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் உப்பு ஒரே மாலையில் ஏறியிருக்கிறது. நாற்பது வயதுக்குப் பிறகு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பெரும்பாலானோருக்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஆகவே கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்ற அதற்கு நெடுநேரம் பிடிக்கிறது. இதயத்தின் சுவரும் விறைத்துப்போவதால், வந்து சேரும் இரத்தத்திற்கு இடம்கொடுத்து விரிய அதனால் முடிவதில்லை. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கு ஏறுகிறது. தூர்ந்துபோன குளத்தில் பழைய அளவுக்குத் தண்ணீரைத் திறந்தால் மறுகால் பாயாமல் என்ன செய்யும்?

இதைப் படித்துவிட்டு, வயதானவர்களுக்குப் பாட்டிலே கூடாது என்று நீ முடிவு கட்டிவிடாதே. முதல் பாட்டில்தான் அம்மாவை மீட்டது. இளமையில் உடல் எடையில் சுமார் 60 சதவீதமாக இருக்கும் நீர் முதுமையில் 50 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தாக உணர்வும் மங்கிவிடுகிறது. அதனால் இரண்டு நாள் பேதியே அவர்களைச் சாய்த்துவிடும். நீர் வற்றியிருப்பதைக் கண்டுபிடிப்பதும் கடினம். புறங்கைத் தோலைக் கிள்ளி, மடிப்பு உடனே படியாவிட்டால் நீர் வற்றியிருக்கிறது என்பார்கள் அல்லவா? அம்மா நலமாக இருக்கும் இன்றும் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு கூடாரம்போல் அப்படியே நிற்கிறது. வயதான தோலை நம்பிக் கணக்குப் போட முடியாது. ஆகவே 250 மில்லி அளவில் கொடுத்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, சிறுநீரின் அளவைப் பார்த்து, பிறகே அடுத்ததை முடிவு செய்வேன் என்றார் அவர்.

1832-இல் காலரா பரவியபோது ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் முதன்முதலில் இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றியதும் ஒரு மூதாட்டிக்குத்தான். சாகக் கிடந்தவள் தெளிந்தாள். அவர் அங்கிருந்து போன பிறகு பேதி திரும்பி, சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அருகிலிருந்து பார்ப்பதும் இந்தச் சிகிச்சையில் பாதி என்று எனக்கு அதைப் படித்தபோது உறைத்தது.

உன் அப்பாவுக்கு 86 வயது. காலில் வீக்கம் வேறு. மாதம் ஒருமுறை "தெம்புக்கு" ஏற்றும் அந்த அரை லிட்டர் குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு தேக்கரண்டி. பயறு போட்ட ஒரு கும்பா கஞ்சியில் அதைவிட அதிகத் தெம்பு இருக்கிறது. வாயால் குடிக்க முடிகிற மனிதருக்கு ஊசி எதற்கு? தேவை வந்து ஏற்றினால், இதயம், சிறுநீரகம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முதலிலேயே சொல். எத்தனை மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்று கேள். அரை லிட்டருக்கு நான்கு மணி நேரம் என்றால், வழக்கமான குழாயில் நிமிடத்திற்கு நாற்பது சொட்டுக்குச் சற்று மேல் வரும். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார். படுத்தால் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடு. விடியட்டும் என்று இருந்துவிடாதே.

அடுத்த பாட்டில் எந்தத் தேதியில் என்று எழுது. அன்றைக்கு முன்னால் நான் அங்கே வந்துவிடுகிறேன். அப்பாவை நாமிருவருமே மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போவோம். அம்மா உன்னை விசாரித்தாள்.

என்றும் உன்,
கடைசி பெஞ்சுக்காரன்