படுக்கைப் பராமரிப்புப் பகுதித் திருப்பணி: நிறைவு அறிக்கையும் கணக்கும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் முதியோர் இல்லத்தின் கிழக்குப் பக்கத்தில் 12 கட்டில்கள் கொண்ட படுக்கைப் பராமரிப்புப் பகுதி கட்டி முடிந்து, ஆவணியிலிருந்து அதில் ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு 9 கட்டில்கள் நிரம்பிவிட்டன. இந்த அறிக்கை போன மாதமே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டரின் கடைசி பில் தீராமல் கணக்கை மூட முடியவில்லை. அதற்குள் மூன்று கேள்விகள் ஊரைச் சுற்றி வந்துவிட்டன. கட்டி முடித்த பாத்ரூமை ஏன் இடித்தார்கள்? வந்த நன்கொடையை ஏன் திருப்பி அனுப்பினார்கள்? மீதிப் பணம் எங்கே? கேட்டது சரிதான். கொடுத்தவர்கள் கேட்கத்தான் வேண்டும். மூன்றுக்கும் பதில் கீழே இருக்கிறது.

அதற்கு முன், இந்தப் பகுதி எதற்கு என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நடமாட முடிகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்வது, படுத்துவிட்டால் உறவினரை வரவழைத்து அனுப்பிவிடுவது என்பதுதான் இல்லத்தின் பழைய விதி. 2022-இல் சமையற்கட்டு வாசலில் வழுக்கி விழுந்து ஓர் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மகள் திருப்பூரில், ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த அம்மா, "டிரங்குப் பெட்டி இங்கேயே இருக்கட்டும், வந்துருவேன்" என்றார். மூன்று மாதத்தில் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு இறந்துபோனார். மகளைக் குறை சொல்ல என்னால் முடியாது. பகலெல்லாம் பனியன் கம்பெனியில் நிற்கிற பெண், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பார்?

பிள்ளைகள்தானே பார்க்க வேண்டும், 2007-இல் சட்டமே வந்துவிட்டதே என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். அந்தச் சட்டப்படி பெற்றோருக்குப் பிள்ளைகளிடமிருந்து மாதப் பராமரிப்புத் தொகை வாங்கித் தரத் தீர்ப்பாயம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் நம் இல்லத்தில் பிள்ளையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மேலும், பணம் வந்தாலும் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை வேண்டுமே. 2023 ஆனிப் பொதுக்குழு அந்தப் பழைய விதியை எடுத்துவிட்டு இந்தத் திருப்பணியைத் தொடங்கச் சொன்னது.

அஸ்திவாரம், பில்லர், கூரை, பூச்சு, மின்சார வேலை, பெயின்ட் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்று நின்று நடந்தாலும் ஒழுங்காகவே முடிந்தன.

கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றியும் பேச்சு இருக்கிறது. மூன்று பேரிடம் விலை கேட்டோம். குறைந்த விலை சொன்னவர் ஜி.எஸ்.டி. பில் தர மாட்டேன் என்றார். நன்கொடைப் பணத்தில் பில் இல்லாமல் ஒரு செங்கல்கூட வாங்கக் கூடாது என்பது குழுவின் முதல் நாள் தீர்மானம். அதனால் அடுத்த விலைக்காரரிடம், சதுர அடி 2,100 ரூபாய், வரி உட்பட, 2,200 சதுர அடி என்று பேசி முடித்தோம். விலை உயர்வுக்குத் தனியாகக் கேட்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதினோம். அந்த ஒரு வரிதான் பின்னால் நம்மைக் காப்பாற்றியது.

இனி பாத்ரூம் விஷயம்.

டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, நான்கு பாத்ரூம்களும் பளபளவென்று தயாராக இருந்தன. குடிபுக நாள் பார்க்கலாம் என்று இருந்தபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் இல்லத்துக்கு வரும் நர்ஸ், "சார், ஒருத்தரை உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. வெறும் வீல்சேரைத்தான் விட்டுப் பார்த்திருந்தோம். உடனே பழைய கட்டடத்திலிருந்து ஒரு பாட்டியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வராந்தாவிலிருந்து திருப்பி, சக்கரங்கள் கதவுக்குள் போய்விட்டன. பாட்டி வழக்கம்போல் இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்திருந்தார். இரண்டு பக்க விரல் கணுக்களும் நிலையில் உரசித் தோல் வழண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். உள்ளே போனால் இரண்டு அங்குலக் கட்டு. தண்ணீர் வெளியே வராமல் இருக்க எல்லா வீட்டிலும் போடுகிற கட்டுதான். அதில் முன் சக்கரம் முட்டி நின்றது.

வரைபடத்தில் கதவு 3 அடி என்று இருந்தது. கான்ட்ராக்டர் அதை நிலையின் வெளியளவு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் நிலைக்கட்டை போக, திறந்த கதவின் கனமும் போக, உள்ளே இரண்டரை அடிகூட மிஞ்சவில்லை. "நான் 3 அடி போட்டிருக்கேன், டேப்பை வைத்துப் பாருங்க" என்றார். வைத்துப் பார்த்தோம். வெளியளவு 3 அடிதான். வழி விட வேண்டிய அகலம் 3 அடி என்று நாம் எழுதவில்லை. அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

சாய்தளம் வேறு கதை. தரை மட்டத்திலிருந்து கட்டடம் இரண்டரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு. ஆக 30 அடி வேண்டும். வரைபடத்திலும் 30 என்றே இருந்தது. வேப்பமரம் குறுக்கே நிற்கிறது என்று கான்ட்ராக்டர் 18 அடியில் முடித்துவிட்டார். பரவாயில்லை, தள்ளிவிடலாம் என்று குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். சரி என்று வீல்சேரில் இரண்டு 26 கிலோ அரிசி மூட்டைகளை வைத்து மேலே நிறுத்திக் கையை எடுத்தோம். போன வேகத்தில் ஒரு மூட்டை மரத்தடியில் போய் விழுந்து கிழிந்தது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

எல்லாவற்றையும் இடித்துச் செய்வது என்று அன்று மாலையே முடிவெடுத்தோம். பொதுக்குழுவைக் கூட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூட்டுவதற்கு 21 நாள் அறிவிப்பு வேண்டும். அதற்குள் ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், திரும்ப வர இரண்டு மாதம் ஆகியிருக்கும். இந்த முடிவுக்கு முழுப் பொறுப்பும் குழுவுடையது. இன்னொரு முறை இதே நிலைமை வந்தாலும் இதையேதான் செய்வோம்.

மறு வேலைக்கு ஆன செலவு 4,35,000 ரூபாய். கான்ட்ராக்டர் இதையும், எம்.சாண்டும் கம்பியும் விலை ஏறியதற்கு 2,50,000-ஐயும் சேர்த்து 6,85,000 கேட்டார். பத்து நாள் வேலையை நிறுத்தினார். ஆறு முறை உட்கார்ந்து பேசினோம். ஒரு முறை அவர் எழுந்து போய்விட, நம் பொருளாளர் மழையில் பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். விலை உயர்வு ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் ஒரு ரூபாயும் கிடையாது என்று நின்றோம். சாய்தளத் தவறு முழுக்க அவருடையது. அந்த 1,10,000-ஐ அவரே ஏற்றார். பாத்ரூமுக்கான 3,25,000-இல் அவர் 50,000 ஏற்றார், நாம் 2,75,000 கொடுத்தோம். அவ்வளவு ஏன் கொடுத்தீர்கள் என்றால், எழுதாத அளவை அவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை என்பதால்தான். இப்போது உள் வழி முழுதாக 3 அடி, இழுப்புக் கதவு, கட்டு இல்லாமல் தரையே வாட்டமாகச் சாய்ந்து தண்ணீர் போகிறது. சாய்தளம் வேப்பமரத்தை ஒட்டித் திரும்பி 30 அடி வருகிறது. மரம் பத்திரமாக நிற்கிறது. அந்தப் பாட்டி தினமும் தானே சக்கரத்தை உருட்டி உள்ளே போகிறார்.

அடுத்து, திருப்பி அனுப்பிய பணம். சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றுவிட்ட நம் ஊர்க்காரர் ஒருவர், தாயார் நினைவாக 5 லட்சம் அனுப்பினார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டிலிருந்தும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. நம் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு கிடையாது. வாங்கியிருந்தால் இல்லத்துக்கே ஆபத்து. அவரிடம் நானே போனில் பேசினேன். வருத்தப்பட்டார், ஆனாலும் புரிந்துகொண்டார். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை கிடையாது என்பதால், பெரிய தொகைகளை வங்கி வழியாகவே போடச் சொன்னோம். அதைச் சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் எங்கள் கண் முன்னால் நிற்கிறார்கள். கட்டிலும் காற்றுப் படுக்கையும் வாங்க 8 லட்சம் தந்த நிறுவனம்; 1986 எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பதினோரு பேர், துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கும் மேலத்தெருப் பிள்ளைகள், அரிசி மண்டிக்காரர்கள், பேருந்து நிலையப் பூக்காரப் பெண்கள் உண்டியல் சேர்த்துக் கொடுத்த 7,340, பித்தளை அண்டா இரண்டு கொடுத்த கும்பகோணம் பாத்திரக் கடைக்காரர், சம்பளமே வாங்காமல் வயரிங் பார்த்த எலெக்ட்ரீஷியன், அம்மாவின் நான்கு வளையல்களை விற்றுக் கொடுத்த அக்கா தங்கை, பிறந்த நாள் பணத்தோடு வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி, பெயர் சொல்லாமல் அலுவலகக் கதவுக்கடியில் உறையைத் தள்ளிவிட்டுப் போனவர். வாசல் கல்லில் எல்லாப் பெயரும் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில், தொகை இல்லாமல் இருக்கிறது. டியூப் லைட்டிலும் ஃபேனிலும் கட்டில் தலைமாட்டிலும் உபயம் என்று எழுதவில்லை. இதனால் ஒருவர் ஒன்றரை லட்சத்தைத் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம். படுத்திருப்பவர் நாள் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு நேரே, இது இன்னார் போட்ட பிச்சை என்பதுபோல ஒரு பெயர் தொங்க வேண்டாம் என்று நினைத்தோம். கொடுத்த மனதை நாங்கள் குறைவாக எண்ணவில்லை.

கணக்கு இது. மதிப்பீடு 60,00,000. செலவு: கட்டடம் 46,20,000, பாத்ரூம் மறு வேலையில் நம் பங்கு 2,75,000, கட்டில், சாதனங்கள் 9,40,000, ஜெனரேட்டரும் மின் இணைப்பும் 5,25,000. மொத்தம் 63,60,000. மதிப்பீட்டைவிட 3,60,000 கூடுதல். திருப்பிக் கொடுத்தவை போக, வரவு 78,00,000. மீதி 14,40,000-இல் 14 லட்சம் வங்கியில் வைப்பு நிதியாக இருக்கிறது, 40,000 நடப்புக் கணக்கில்.

அந்த 14 லட்சத்தில் முன் வாசலுக்கு வளைவு கட்டலாம், கிரானைட் போடலாம் என்று பலர் சொன்னார்கள். ஷிப்டுக்கு இரண்டு பேர், மூன்று ஷிப்ட், விடுப்புக்கு ஒருவர் என்று 7 பராமரிப்பாளர்கள் வேண்டும். ஆளுக்கு 14,000 என்றால் மாதம் 98,000. 14 லட்சத்துக்கு 7 சதவீத வட்டியில் வருஷத்துக்குக் கிடைப்பதும் 98,000தான். ஒரு வருஷ வட்டி ஒரு மாதச் சம்பளத்துக்குச் சரியாகப் போய்விடுகிறது. இப்போது 5 பேர்தான் இருக்கிறார்கள், இரவு ஷிப்டில் ஒரே ஒருவர். ஆறு பேருக்கு நாளைக்கு மூன்று என்று மாதம் 540 டயப்பர் வேறு. கட்டில் கொடுக்க ஆள் கிடைத்தது. சம்பளத்துக்கும் டயப்பருக்கும் கேட்டபோது பெரிய கைகள் பின்வாங்கின. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கேரளத்தில் மலப்புரம், கோழிக்கோடு பக்கம் ஊர்க்காரர்கள் கொடுக்கும் சின்னச் சின்னத் தொகைகளைக் கொண்டே படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அதைப் பார்த்துத்தான் மாதம் 300 ரூபாய்த் திட்டத்தை ஆரம்பித்தோம். இதுவரை 164 பேர் சேர்ந்திருக்கிறார்கள். மாதம் 49,200 வருகிறது. அதாவது பாதிச் சம்பளம். இன்னும் 164 பேர் சேர்ந்தால் இரவில் இரண்டு பேரை வைக்க முடியும்.

பில்கள், ஒப்பந்தம், கான்ட்ராக்டரோடு எழுதிக்கொண்ட முடிவுக் கடிதம் எல்லாம் அலுவலகப் பீரோவில் இருக்கின்றன. ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 வரை எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். செப்டிக் டேங்க் மூடி ஒன்றும் மூன்றாம் பாத்ரூமின் கைப்பிடிக் கம்பி ஒன்றும் பாக்கி. இரண்டும் இந்த வாரம் முடியும்.

திருப்பணிக் குழு சார்பில்,
செயலாளர்