முதல் நாள் காகிதத்தை ஒழுங்காக எழுதியவர்களுக்கு

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் ரயில் விபத்து இழப்பீட்டு மனுக்களுக்குத் துணை நிற்பவர்களின் வணக்கம்.

தீர்ப்பு வந்ததும் சால்வை வக்கீலுக்குப் போகும். அதில் தப்பில்லை. ஆனால் வழக்கு நிற்பதும் சாய்வதும் முதல் நாளில் எழுதிய நாலு வரியில்தான். அந்த வரியை எழுதியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் பாதை பார்க்கும் கீமேன்கள். உடல் எந்தக் கிலோமீட்டர் கல்லருகே, தண்டவாளத்துக்கு உள்ளேயா வெளியேயா, கடைசியாகப் போன வண்டி எது என்று பார்த்ததைப் பார்த்தபடி ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னீர்கள். ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தவருக்கு ரயில்வே சட்டம் 124ஏ பிரிவில் இழப்பீடு உண்டு. ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. தண்டவாளத்தைக் கடந்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. விசாரிக்காமலே ‘அடிபட்டு இறந்தார்’ என்று ஸ்டேஷனிலிருந்து போலீசுக்குப் போகும் மெமோவில் எழுதிவிட்டால், கடந்தவர் என்றே ஆகிவிடும்; அந்த ஒரு சொல்லை மாற்ற வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. (கடந்தவரை விழுந்தவராக்கித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அதற்கு நாங்கள் ஆளில்லை.)

அடுத்து, இருப்புப்பாதைக் காவல் நிலைய ஏட்டுகள். சட்டைப் பையில் கிடந்த டிக்கெட்டின் எண், கிளம்பிய ஊர், நேரம் எல்லாவற்றையும், கண்டதையும் எடுத்ததையும் பதியும் மகஜரில் ஏற்றினீர்கள். நனைந்த டிக்கெட்டில் ஒரு வாரத்தில் எழுத்தே இருக்காது, மகஜரில் இருக்கும். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மனு விழுந்துவிடாது. மனுதாரர் பிரமாண வாக்குமூலம் தந்து முதலில் நிரூபிக்க வேண்டிய தன் பொறுப்பைத் தீர்த்தால் மறுப்பது ரயில்வேயின் பாடு என்று ரீனா தேவி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வாக்குமூலத்துக்கு ஆள் வேண்டுமே! கூடப் போய் டிக்கெட் எடுத்துக்கொடுத்ததைச் சொல்ல முன்வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், திருச்செந்தூர் வண்டியில் உடன் பயணம் செய்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்ல? வழியனுப்ப வந்தவரே விபத்தில் சிக்கினால் அவருடைய பிளாட்பாரம் டிக்கெட்டும் சட்டப்படி செல்லும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். பலர் அதைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள்.

மருத்துவர்களுக்குத் தனி நன்றி. காயத்துக்கான தொகை ஊன விழுக்காட்டை வைத்து அல்ல, விதிகளில் உள்ள அட்டவணையை வைத்தே வருகிறது. முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தால், மிஞ்சிய பகுதி 5 அங்குலத்துக்கு மேலா கீழா என்பதே தொகையை மாற்றும். ‘கால் அகற்றப்பட்டது’ என்று முடிக்காமல் அளந்து எழுதிக்கொடுத்தீர்கள். பிரேதப் பரிசோதனையிலும் கண்டதை மட்டும் எழுதினீர்கள். குடிபோதையில் செய்த செயல் என்று நிரூபித்தால் இழப்பீடு கிடையாது என்பதால், ஊகமாக எழுதும் ஒரு வரி குடும்பத்தையே கவிழ்த்துவிடும்.

வாரிசுச் சான்றுக்கு ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் முன்னெழுத்து வேறுபடுவதை மனு போடும் முன்பே பிடித்துத் திருத்தச் சொன்ன கிராம நிர்வாக அலுவலர்களே, உங்களால் மிச்சமானது மாதக்கணக்கு.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் சிலர் கணக்கைத் தெளிவாக்கினார்கள். 1-1-2017 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம். காயத்துக்கு அட்டவணைப்படி 8 லட்சம் வரை. சம்பவ இடத்திலோ ஆஸ்பத்திரியிலோ தரும் கருணைத்தொகை வேறு; அதை வாங்கினால் இழப்பீடு போய்விடும் என்று பயந்து கைநீட்டாமல் இருந்தவர்கள் உண்டு. இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் காப்பீட்டைத் தேர்ந்திருந்தால் அது மூன்றாவது தொகை. அதற்கு நாமினி பெயரை அன்றே நிரப்பியிருப்பது நல்லது. திருநெல்வேலிக்கு வடக்கே மதுரை கோட்டம், நாகர்கோவில் பாதை திருவனந்தபுரம் கோட்டம் என்பதையும் அவர்கள்தான் நினைவூட்டினார்கள். கோட்ட மேலாளரின் விசாரணை அறிக்கையைத் தவறான ஊரில் கேட்டுக் காத்திருந்த குடும்பங்கள் உண்டே!

மனுவுக்குக் கெடு ஓராண்டு. தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி ஏற்கச் சொல்லலாம்; ஆனால் ‘தெரியாது’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் போகக் கூடாது. கட்டணம் இல்லை. சென்னையில் இருக்கும் ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலும் மனு போடலாம் என்றாலும், விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்காமல், செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வழக்கு நடத்திய வக்கீல்களை இந்தக் குடும்பங்கள் மறக்கமாட்டார்கள்.

கடைசியாக, சாட்சி சொல்ல ராத்திரி வண்டியில் சென்னை வந்தவர்களுக்கு எழும்பூரில் குளிக்க இடமும் காலைப் பலகாரமும் கொடுத்த நம்மூர்க்காரர்களே, ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
மனுதாரர்களுக்குத் துணை நிற்போர்,
திருநெல்வேலி