மாம்பூவும் உன் கேமராவும்

போச்சம்பள்ளி,
தை 25.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன பிரிட்ஜ் கேமராவை, அதுதான் லென்ஸைக் கழற்ற முடியாத அந்த நீண்ட ஜூம் கேமராவை, தூக்கிக்கொண்டு இருபது நாளாகத் தோப்பில்தான் கிடக்கிறேன். பெங்களூரா மாமரங்கள் இந்த ஆண்டு இலை தெரியாமல் பூத்திருக்கின்றன.

முதல் வாரம் முழுவதும் வீணாயிற்று. கிட்டத்தில் எடுப்பதற்கென்று கேமராவில் இருக்கும் பூப்படம் போட்ட குறியை வைத்தால் பூவை எடுத்துவிடலாம் என்று நம்பி, ஜூமை இழுக்காமல், லென்ஸைக் கொத்தின்மேல் இடிக்கிற அளவுக்கு நெருக்கினேன். ஒரு சென்டிமீட்டரிலும் ஃபோகஸ் ஆகத்தான் செய்கிறது. ஆனால் லென்ஸின் நிழலே பூவை மூடிவிடுகிறது. போதாததற்கு, உள்ளே படம் பதிகிற சென்சார் 6 மில்லிமீட்டர் அகலமே என்பதால், பின்னால் கிடக்கும் சொட்டுநீர்க் குழாயும் வேலிக்கம்பியும்கூடத் துலக்கமாக விழுந்துவிடுகின்றன. (மாம்பூவும் ஏறக்குறைய அந்தச் சென்சார் அளவுதான்.)

பிறகு இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூமை முழுவதும் இழுத்தேன். பின்புறம் பச்சையாகக் கரைந்து கொத்து தனியே எழுந்து நின்றது. ஒற்றைப் பூ மட்டும் பொடியாகவே இருந்தது. ஓசூரில் ஒரு கடையில் கேட்டதற்கு, இதை விற்றுவிட்டு நல்ல போன் வாங்குங்கள் என்றார்கள். அவர்களிடமே கேமராவைக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆக வைக்கும் க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை (திறன் 2 டயாப்டர்) வாங்கி, கேமராவின் முகப்பில் திருகினேன். இப்போது ஜூமைச் சுருக்காமலே அரை மீட்டரில் நின்று எடுக்க முடிகிறது, நிழலும் விழுவதில்லை. ஆனால் மூச்சுக்காற்று பட்டாலே படம் கலங்கிவிடுவதால், காற்று கிளம்புமுன், விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், ஸ்டாண்டில் பொருத்தி, 2 நொடி டைமர் வைத்துத்தான் எடுக்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக மருந்தடித்தும் காய் பறித்தும் வந்த மரத்தின் பூவை நேற்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் வரிகள், பூ முதிர முதிர அவை சிவப்பேறுகின்றன. மகரந்தம் சுமக்கும் தாள் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. நடுவே சிறு மணிபோல் சூலகம் இருக்கிற பூவைத்தான் தேடித்தேடி எடுக்கிறேன், ஏனென்றால் காய் பிடிப்பது அதில் மட்டுமே, மீதி ஆண்பூக்கள். அந்த மணியின்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அமைந்தது, தனியே அனுப்புகிறேன்.

மெமரி கார்டு நிறைந்துவிட்டது. நீ கல்லூரியில் எடுத்த படங்கள் நானூறு அதில் இருக்கின்றன; என்ன செய்வது என்று ஒரு வரி எழுது, அதுவரை கைவைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா