காத்திருப்பு அறைக்கும் ஒரு பாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானுக்கு வேலைக்கு வருபவர்களுக்காக நீங்கள் வெளியிடும் ஜப்பானிய மொழிப் பாடங்களைத் தவறாமல் படிக்கிறேன். வாழ்த்து, கடை, உணவு, ரயில் எல்லாம் வந்துவிட்டன. மருத்துவமனை மட்டும் இன்னும் வரவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் ஆங்கிலப் பலகை உண்டு, படக்குறிகள் உண்டு. தெருவோரச் சிறு கிளினிக்கில் பெரும்பாலும் 'கான்ஜி' என்னும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்தான். காய்ச்சலோடு நிற்பவர் எந்த அகராதியைப் புரட்டுவார்?

உள்ளே போனதும் 'உகெத்சுகே', அதாவது பதிவு செய்யும் இடம். முதல் தடவை வருபவர் 'ஷொஷின்' என்று சொன்னால் போதும். 'மொன்ஷின்ஹியோ' என்ற படிவத்தைத் தருவார்கள். ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் படிவம் அது. அதில் தவறாகக் குறித்தால் சிகிச்சையே மாறிப்போகும், ஆகவே அதற்குத் தனிப் பாடமே ஒதுக்கலாம். அப்புறம் 'மச்சியைஷித்சு' என்னும் காத்திருப்பு அறை. செந்தில் அங்கே 'சென்திரு சான்' ஆகிவிடுவார் ('சான்' என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்); காது கொடுத்துக் கேட்காவிட்டால் நம் முறை போய்விடும். சில இடங்களில் பெயர் சொல்லாமல் எண்ணைச் சொல்லி அழைப்பார்கள். 23 என்றால் 'நிஜூசான் பன்'. கடைசியில் 'கைகே', பணம் கட்டும் இடம். மருந்துச் சீட்டுக்கு 'ஷொஹோசென்' என்று பெயர். வேறு குறிப்பு இல்லையென்றால், எழுதிய நாளையும் விடுமுறையையும் சேர்த்து அது 4 நாள்தான் செல்லும். இதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. 1995இல் கோபே, ஒசாகா பகுதியைத் தாக்கிய ஹான்ஷின் நிலநடுக்கத்தில் ஜப்பானிய மொழி சரியாகத் தெரியாத வெளிநாட்டினருக்கு அறிவிப்புகள் புரியாமல் போனது. அதன் பிறகுதான் 'யசஷீ நிஹோங்கோ' என்ற எளிய ஜப்பானிய மொழி முயற்சி வளர்ந்தது. மேட்டு நிலத்துக்கு இடம்பெயரவும் என்பதை, உயரமான இடத்துக்கு ஓடுங்கள் என்று சொல்வது அதன் வழி. 2020இல் அரசே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. ஆகவே நாமும் தயங்காமல் அப்படிப் பேசச் சொல்லிக் கேட்கலாம்.

'யசஷீ நிஹோங்கோ தே ஒநெகாய் ஷிமாசு' (எளிய ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள்) என்ற வரியையும், பேரிடர் காலப் புகலிடத்தைக் குறிக்கும் 'ஹினான்ஜோ' என்ற சொல்லையும் அடுத்த இதழிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி,
நிஷிகசாய், தோக்கியோ