குன்னூர் சுவிட்ச்: ஞாயிறு கார்டு மாற்றம்

நண்பர்களே, நேற்றைய இடியில் நம் குன்னூர் நெட்வொர்க் சுவிட்சில் (எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டி) 3-ஆம் ஸ்லாட்டில், அதாவது சொருகும் இடத்தில், இருந்த கார்டு போய்விட்டது. கேபிள் சொருகும் போர்ட்கள் இருப்பது இந்தக் கார்டில்தான். ஞாயிறு காலை மாற்றுகிறோம். அதே மாடல் கார்டை அதே ஸ்லாட்டில் சொருகினால் பழைய விலான் (நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவாக்கும் அமைப்பு), ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் போனது 48 போர்ட், கைவசம் இருப்பது 24. வேறு ரகம் என்றால் நம் சுவிட்சில் அந்த ஸ்லாட்டின் போர்ட் அமைப்பு நிற்காது. புதிதாக எழுத வேண்டும். காலியான 5-ஆம் ஸ்லாட்டில் போடலாமே என்று கேட்காதீர்கள். போர்ட் பெயரிலேயே ஸ்லாட் எண் இருக்கிறது. 3/12-க்கு (3-ஆம் ஸ்லாட், 12-ஆம் போர்ட்) எழுதியது 5/12-க்குப் போகாது.

கான்ஃபிக் (சுவிட்சில் எழுதிய அமைப்பு) நகல் எடுத்தாயிற்று. (போன தடவை பட்டது போதும்.) 24 போர்ட்தான் என்பதால் பில்லிங், கேமரா முதலில், மற்றவர்களுக்குத் திங்கள் வரை வைஃபைதான்.

அப்புறம், எண் போடாமல் கேபிளைப் பிடுங்காதீர்கள். இந்த மூடுபனி ஈரத்துக்கு ஸ்டிக்கர் உரிந்துவிடுகிறது, மார்க்கரால் கேபிள் மேலேயே எழுதுங்கள்.