ஆற்றுத் தண்ணீர் லைனில்தான் மாட்டியிருக்கு

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய பாத்திரம் கழுவும் மெஷினை அடுப்படியில் மாட்டியாச்சு. போனில் பேச்சு விட்டு விட்டுக் கேட்டதால் விவரம் சொல்ல முடியவில்லை.

போர் தண்ணீர் லைன்தான் பக்கம், அதிலேயே கொடுத்துவிடலாம் என்றார் பிளம்பர் தம்பி. நான் சம்மதிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாலே வெள்ளைத் திட்டு நிற்கும், நீயும் பார்த்திருக்கிறாய். சூடாக்கினால் கேட்கவே வேண்டாம். ஹீட்டரில் சுண்ணாம்பு ஏறும், தண்ணீர் தெளிக்கிற ஓட்டைகள் அடைக்கும். பாபநாசத்திலிருந்து தாமிரபரணி இறங்கி வருகிற ஊரில் இருந்துகொண்டு உப்புத் தண்ணீரை எதற்கு விட வேண்டும்? சிங்க்கில் ஆற்றுத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் இருந்த ஆங்கிள் காக் என்கிற அடைப்புத் திருகைக் கழற்றிவிட்டு டூ-வே காக் போட்டோம். ஒரு வாய் குழாய்க்கு, ஒரு வாய் மெஷினுக்கு. தனித்தனித் திருகு, வேண்டும்போது மெஷினை மட்டும் அடைத்துக்கொள்ளலாம்.

மெஷின் ஹோஸின் நட் முக்கால் இஞ்சு, காக்கின் வாய் அரை இஞ்சு. நடுவில் ஒரு பித்தளை அடாப்டர். சுவரில் ஏறுகிற மரைக்கு டெஃப்லான் டேப் வேண்டும், சரி. ஹோஸ் நட்டுக்கும் தம்பி டேப்பை எடுத்தார். உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதே, கசிவை நிறுத்துவது அதுதானே என்றேன். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான். ராத்திரி அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன். காலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பெரிய வேலை வாங்கியது டேங்க்தான். மெஷின் புத்தகத்தில் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்டிருந்தது. 10 அடி உயரத்துக்கு 0.3 பார்தான் கிடைக்கும். ஆற்றுத் தண்ணீர் டேங்க் மொட்டை மாடித் தரையில் உட்கார்ந்திருந்தால் எப்படிப் போதும்? அதை மாடிப்படிக் கூரை மேல் ஏற்றினோம். இப்போது கிட்டத்தட்ட 19 அடி இருக்கிறது, மெஷின் முனகாமல் தண்ணீர் எடுக்கிறது.

கழிவு ஹோஸை மேடைக்கு அடி வரை தூக்கிக் கட்டி, அப்புறம் இறக்கி சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கிற கழிவுக் குழாயில், அதாவது டிராப்பில், சேர்த்தார் தம்பி. சிங்க் அழுக்கு மெஷினுக்குள் திரும்பாது. இதை நான் சொல்லவே இல்லை, கெட்டிக்காரப் பையன்.

உங்கம்மா ஈயச் சொம்பையும் வெண்கலப் பானையையும் மெஷின் பக்கமே கொண்டுபோகவில்லை. அது நல்லதுதான், அந்தச் சூடும் பொடியின் காரமும் ஈயத்துக்கு ஆகாது. ஆனால் தட்டுகளையும் முக்கால்வாசி கழுவிவிட்டுத்தான் உள்ளே அடுக்குகிறாள். "சோத்துப் பருக்கையோடயா வைக்கது?" என்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

டிஷ்வாஷர் உப்பு ரெண்டு பாக்கெட் ஆன்லைனில் போட்டுவிடுய்யா. சமையல் உப்பையே போட்டால் என்ன என்று நேற்றும் கேட்டாள். நான் சொன்னால் ஏறாது, கூடாது என்று நீயே ஒரு வார்த்தை சொல்லு.

இப்படிக்கு,
அப்பா