டெல்ஃப்ட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி இன்னும் பாதி டப்பா இருக்கிறது. இங்கே நெதர்லாந்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் வந்தால் எதிர்க்காற்று ஆளையே நிறுத்திவிடும். மற்றபடி குறையில்லை.

போன வாரம் போனில், "அங்க அப்படி என்னதான் படிக்கிற?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஒரு விபத்திலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

1992 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானத்தின் வலது இறக்கையில் ஒரு என்ஜின் கழன்று, பக்கத்து என்ஜினையும் அடித்துக்கொண்டு போனது. சுக்கானையெல்லாம் எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கிற நான்கு ஹைட்ராலிக் லைனில் இரண்டு போய்விட்டன. வேகம் இருந்தவரை விமானி சமாளித்தார். இறங்குவதற்காக வேகம் குறைந்ததும், மிச்சமிருந்த சுக்கானின் பலம் போதவில்லை. ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மேர் பகுதியில் அடுக்குமாடி வீடுகள்மேல் விமானம் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

லாரி ஓட்டியவருக்கு இது புரியும். ஸ்டியரிங்கை ஒரு அளவுக்குத்தான் ஒடிக்க முடியும். அதுவரை நீங்கள்தான் வண்டியை ஓட்டுகிறீர்கள். அதைத் தாண்டி வண்டி கேட்டால், கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது.

பழுதான பிறகும் விமானத்தைத் தானே சமாளிக்கிற மென்பொருள் இங்கே எழுதுகிறார்கள். அது எதுவரை தாங்கும் என்று கணக்குப் போடுவது என் பங்கு. சுக்கான் எவ்வளவு கேட்டாலும் திரும்பும் என்று வைத்துக்கொண்டால், தாளில் எல்லாமே நிலையாகத்தான் வரும். அந்தக் கணக்கை நம்பி ஒருவரை விமானத்தில் ஏற்ற எனக்கு மனசு வராது. குழிவான தட்டில் கோலிக்குண்டைத் தள்ளினால் நடுவுக்கே திரும்பி வரும். விளிம்பைத் தாண்டினால் போனதுதான். விமானமும் அந்தக் குண்டு மாதிரிதான்; பழுது கூடக்கூடத் தட்டு சிறுத்துக்கொண்டே போகும். லியாபுனோவ் என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1892-இல் காட்டிய வழியில்தான் அந்த விளிம்பை இன்றும் தேடுகிறோம். எனக்குக் கிடைக்கும் விளிம்பு பெரும்பாலும் நிஜ விளிம்புக்கு உள்ளேதான் நிற்கிறது. அதை ஒரு விரற்கடை வெளியே தள்ளவே மாதக்கணக்கில் ஆகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆறு கால்மேல் நிற்கும் சிமோனா என்ற சிமுலேட்டர் இருக்கிறது; தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்கிற கருவி அது. சேதமான அந்த விமானத்தை அதில் அப்படியே மாதிரியாக்கி, புது மென்பொருளோடு விமானிகளை ஓட்டவைத்தார்கள். பத்திரமாகத் தரையிறக்க முடிந்தது, அப்பா.

போன ஞாயிறு பைல்மர்மேர் போயிருந்தேன். விபத்தைப் பார்த்த மரம் என்று ஒன்றை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் தரையில், வீட்டுக்காரர்கள் கையால் செய்த மொசைக் ஓடுகள். இறந்தவர்களில் பலர் சுரினாமிலிருந்தும் கானாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஊருக்கு அவர்களும் கடிதம் எழுதியிருப்பார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். கொல்லிமலை வளைவில் பாரத்தோடு இறங்கும்போது, இனி வண்டி கைக்கு அடங்காது என்று உங்களுக்கு முதலில் எதில் தெரியும்? ஸ்டியரிங்கிலா, சீட்டிலா? அடுத்த போனில் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்